பட்டை உரிக்காத மூன்று செடிகள்

போரர் பூச்சி விழுந்த காப்பிச் செடியைப் பிடுங்கினால் அன்றைக்குப் பொழுது விழுவதற்குள் எரித்துவிட வேண்டும். சேர்வராயன் மலையில் நூறு ஏக்கர் வைத்திருக்கிற முதலாளிக்கும் இதுதான் சட்டம், வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்திருக்கிறவனுக்கும் இதுதான் சட்டம். விறகுக்கு ஆகும் என்று ஒரு குச்சியைத் தலைச்சுமையில் செருகிக்கொண்டு போனாலும் குற்றம். தண்டுக்குள் இருக்கிற புழு, செடி செத்ததைக் கண்டுகொள்ளாது. அது பாட்டுக்கு அரைத்துக்கொண்டு கிடக்கும். சித்திரை வெயில் ஏறினதும் வண்டாகி, பென்சில் பருமனுக்கு ஓட்டை போட்டு வெளியே வரும். பக்கத்துக் காட்டுக்குப் போய் முட்டை வைக்கும். அப்புறம் அந்தக் காடும் விறகுதான்.

காளியண்ணனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஸ்டேட்டில் போரர் பார்க்கிற வேலையே அவருக்குத்தான். பத்தி பத்தியாக நடந்து தண்டைக் கையால் தடவுவார். பட்டையில் நரம்பு புடைத்த மாதிரி மேடு தட்டுப்பட்டால் புழு உள்ளே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போவார். பின்னால் வருகிற ஆள் பிடுங்குவான்.

அவர் யாரையும் நம்புகிற ஆளில்லை. பஸ் வருகிறது என்று ஊரே சொன்னாலும் வளைவில் அதன் மூஞ்சி தெரிகிற வரைக்கும் நம்பமாட்டார். டாக்டரை நம்பமாட்டார். சேலத்தில் படம் பிடித்து, பெண்டாட்டி பொன்னாயிக்கு நெஞ்சில் கோளாறு என்று சொன்னபோது, "கண்ணாடிக் காகிதத்துல என்ன தெரியும்" என்று எழுந்து வந்தவர். அப்படிப்பட்ட மனுசன் மகள் கேட்டதற்கு மட்டும் மறுபேச்சு பேசாமல் தலையாட்டிவிட்டார். விவகாரம் அங்கேதான் ஆரம்பம்.

மகள் வேலம்மாள் கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தாள். பள்ளிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு எஸ்டேட்டில் இருக்கிற லைன் வீட்டுக்கு வந்து போவாள். போன ஐப்பசியில் வந்தவள் கேட்டாள்.

"ப்பா, எரிக்கிறதுல எனக்குக் கொஞ்சம் குச்சி வேணும்."

"போரர் குச்சியா? எதுக்கு?"

"வரையறதுக்கு."

"காரியம் ஆனதும் அடுப்புல போட்டுருவியா?"

"போட்டர்றேனுங்கப்பா."

சொன்னபடி செய்தாள். பட்டையை உரித்தாள், வெந்நீரில் ஊறப் போட்டாள், கருப்புச் சாயத்தைத் தடவிக் காகிதத்திலும் துணியிலும் உருட்டினாள், அப்புறம் அடுப்பில் போட்டாள். எரிந்து சாம்பலாகிற வரைக்கும் காளியண்ணன் குந்தியிருந்து பார்த்தார். அந்த நம்பிக்கையில்தான், வேரோடு மூன்று முழுச் செடி வேண்டும் என்று பங்குனியில் அவள் கேட்டபோதும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை ஒரு வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்விட்டாள்.

கோடை விழாவுக்கு ஏற்காட்டில் கூட்டம் சேர்கிற சமயம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வேலம்மாளின் படங்களை வைக்கப் போகிறார்கள். திறப்புக்கு எஸ்டேட் முதலாளியம்மா கமலா வருகிறார். எல்லாம் முடிவாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் காலையில், காளியண்ணன் களியும் கீரையும் தின்றுகொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து பொன்னாயி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, செவுத்துல என்னமோ ஊருது. வந்து பாருங்க."

"பல்லியா இருக்கும்."

"பல்லிக்கு மீசை இருக்குமா? வாங்கங்கறேன்."

களிக் கையோடு போனார். சன்னலுக்குக் கீழே வெயில் விழுந்த இடத்தில் அது நின்றது. விரல் கணு நீளம். கருத்த உடம்பில் திருநீற்றுப் பட்டை போட்ட மாதிரி வெள்ளை வரி. போரர் வண்டுதான். கட்டைவிரலால் அமுக்கிக் கொன்றார். அப்புறம் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்ததை எல்லாம் வெளியே இழுத்தார். பழைய சாக்கு, தட்டுமுட்டு, கிழிந்த கம்பளி. அதற்கும் பின்னால் கவட்டையாக ஒரு காப்பிக் கிளை. பட்டையோடு இருந்தது. அதில் உருண்டையாக ஒரு புது ஓட்டை.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"அந்த மூணு செடியில ஒடிச்சதுதான். ஜீப்புல ஏத்தறப்ப முட்டுதுன்னு புள்ள ஒடிச்சு உள்ள தள்ளுனா. நாலு நாளா ராவெல்லாம் கறுக்கு முறுக்குன்னு சத்தம் கேக்குதுன்னு நான் சொன்னதை நீங்க எங்க காதுல வாங்குனீங்க?"

"எலின்னு நெனச்சேன்."

"எலிக்கு இந்த ஊட்டுல என்ன இருக்குதுன்னு வரும்?"

"அந்தச் செடிகளுக்குப் பட்டை உரிச்சாளா?"

"எனக்கென்னங்க தெரியும், நான் கட்டில்ல கெடக்கறவ. எம்மூச்சைப் பாக்கறதுக்கே எனக்கு நேரம் பத்தல."

பேசி முடித்ததும் அவளுக்கு இளைத்தது. எத்தனையோ வருசம் காப்பித் தண்டுகளுக்குப் போரர் மருந்து பூசின பொம்பளை. வாளியில் கரைத்த மருந்தைத் தேங்காய்மட்டையில் தொட்டுத் தொட்டு, குனிந்தபடி பத்தி முழுக்கப் பூச வேண்டும். இப்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. பேசாமலும் இருக்க மாட்டாள்.

காளியண்ணன் கிளையை அடுப்பில் திணித்தார். அது எரிகிறபோது அவர் நினைப்பு மாரிசாமியிடம் போனது. நாலாவது லைனில் இருந்தவன். போரர் கட்டையை விறகுக்கு எடுத்து வந்து தாழ்வாரத்தில் அடுக்கி வைத்தான். கீழ் பிளாக் முழுக்கப் பூச்சி விழுந்து, பிடுங்கிப் பிடுங்கி மொட்டையாகிப் போன வருசம் அது. கமலா அம்மா நேரில் வந்து அடுக்கைப் பார்த்தார். மறுவாரம் மாரிசாமி சட்டிபானையோடு பஸ் ஏறினான். யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. காளியண்ணனும் சொல்லவில்லை.

லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. ஆத்தூர்ப் பக்கம் பாட்டன் காலத்து ஊர் ஒன்று இருந்தது. அங்கே போய் நின்றால் யார் என்று கேட்பார்கள். மூச்சுக்குத் தவிக்கிற பொம்பளையை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

கொத்தரிவாளைப் பிடி வெளியே தெரியச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

"அருவாளு எதுக்குங்க? புள்ளையை வெட்டவா?"

"செடியை வெட்ட."

"ஏதோ பண்ணுங்க. புள்ளைகிட்டச் சத்தம் போடாதீங்க. பொழுதோட வந்துருங்க."

தலைச்சோலையிலிருந்து வருகிற பஸ்ஸில் பலாப்பழ மூட்டைகளோடு பொன்னுவேல் உட்கார்ந்திருந்தான். மலைக்காரன். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து இந்த மலைதான். கொஞ்சம் சாமை, கொஞ்சம் பலா, கொஞ்சம் காப்பி. வாய் மட்டும் கொஞ்சம் இல்லை.

"வாய்யா போரர் டாக்டரே! எங்க, அருவாளோட திருவிழாவுக்கா?"

"மக படம் வெச்சிருக்கறா. பாக்கப் போறேன்."

"படம் பாக்க அருவாளு எதுக்கு? புடிக்கலைன்னா வெட்டிப் போடவா?"

காளியண்ணன் சாக்குச் சுருளைக் காலடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். காப்பி பூக்கிறதுக்கான பூ மழை பெய்து ஓய்ந்து வெயில் பளீரென்று அடித்தது. சில்வர் ஓக் மரங்களின் ஈர இலையெல்லாம் மினுங்கின. வேறு நாளாக இருந்தால் நல்ல வெயில் என்று சொல்லியிருப்பார். போரர் வண்டு வெளியே வருகிற வெயில் இதுதான்.

"நொம்ப வெசனமா இருக்கற?"

"ஒண்ணுமில்ல. அந்த மண்டபத்துக்குப் பின்னாடி யார் காடு?"

"எம்மச்சான் அங்கப்பனுது. நல்ல காப்பி. போன வருசம்தான் புதுச் செடி வெச்சான். புள்ளை வளக்கற மாதிரி வளக்கறான். ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்கற ஆளில்லையே. பூச்சி கீச்சி பாத்தியா? உங்க எஸ்டேட்டுப் பூச்சிதான்யா எங்க காட்டுக்கு வருது. மொதலாளிகளுக்கு மருந்தடிக்க ஆளிருக்குது. எங்களுக்கு எவன் இருக்கறான்?"

"பூச்சிக்கு எஸ்டேட்டும் தெரியாது, காடும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் காளியண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் அவர் கண்டது பொன்னாயியின் சேலைகள். அவருக்குத் தெரிந்த சேலைகள். காட்டு வேலைக்குக் கட்டி, கறை பிடித்து, வெளுத்து, நைந்து போனவை. கூரைக் கம்பிலிருந்து வரிசையாகத் தொங்கின, காப்பிப் பத்தி மாதிரி. ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ் வரைக்கும் கருப்புக்கு நடுவே வெள்ளையாக வளைந்த கோடுகள். வரிசை முடிகிற இடத்தில் அந்த மூன்று செடிகள். வேர் மேலே, தலை கீழே. பட்டையோடு.

வேலம்மாள் ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கப்பா. சாப்பிட்டீங்களா? அம்மா எப்படி இருக்குது?"

அவர் நேராகச் செடியிடம் போய்த் தண்டில் காதை வைத்தார். கூட்டம் இல்லாத மண்டபம். கேட்டது. கறுக்கு, கறுக்கு. அடுத்த செடியிலும் கேட்டது.

"எறங்கு."

"என்னங்கப்பா?"

"எறங்கி இதை அவுரு. எரிக்கோணும். இன்னைக்கு ஊட்டுல வண்டு வந்துருச்சு. கவட்டையில இருந்து."

அவள் இறங்கினாள். "நான் கொதிதண்ணி ஊத்துனேனே. ரெண்டு தடவை."

"பட்டை மேல ஊத்துனா உள்ள போவுமா? உரிக்க வேண்டியதுதான, மத்ததை உரிச்ச மாதிரி?"

"உரிச்சா இது வெறும் கட்டைப்பா."

"கட்டைதான். வேற என்ன?"

வேலம்மாள் ஒரு சேலையின் ஓரத்தைப் பிடித்து அவர் பக்கம் இழுத்தாள்.

"இந்தக் கோட்டைப் பாருங்க. நான் வரையல. பூச்சி தின்ன வழி. பட்டையை உரிச்சு, அதுக்குள்ள அடைச்சிருக்கற தூளைத் தொடப்பக்குச்சியில நோண்டி எடுப்பேன். காப்பித் தோலை வேக வெச்சுத் துருப்புடிச்ச ஆணியைப் போட்டு வெச்சா மை மாதிரிக் கருப்பு வரும். அதைத் தண்டுல தடவி, சேலையை ஈரமா விரிச்சு, சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டுவேன். தின்னுபோன எடம் வெள்ளையா நிக்கும், தின்னாத எடம் கருப்பா விழும். மொதல்ல காகிதத்துலதான் பண்ணேன். அழகாத்தான் இருந்துச்சு. ஆனா செத்த படமா இருந்துச்சு. ஒரு நாள் அம்மா சேலையைக் கைக்குக் கெடைச்சுதுன்னு கையைத் தொடைக்க எடுத்தேன். அதுல பட்ட சாயம் வேற மாதிரி ஊறுச்சு. மருந்துக் கறை பட்ட எடத்துல புடிக்கவே இல்ல. அப்பத்தான் எனக்கு விசயம் என்னன்னு தெரிஞ்சுது."

"வரஞ்சது பூச்சி, சேலை உங்காத்தாளது. அப்ப நீ எதுக்கு? பேரைப் பூச்சிக்கே குடுத்துரலாமே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "குடுக்கலாம். வந்து வாங்கிக்குமா?"

"நாளைக்கு வரும். அதுதானே பயமா இருக்குது."

"கேளுங்கப்பா. நீங்க வருசத்துக்கு ரெண்டு தடவை ஒவ்வொரு செடியா தடவிப் பாக்கறீங்க. வெளிய பச்சையாத்தான் இருக்கும். உள்ள போயிருக்கும். உங்க கைக்கு மட்டும் தெரியும். செடிக்கு அப்படிப் பாக்க ஒரு ஆளு, சம்பளம் போட்டு. மருந்து பூசுன அம்மாளை அப்படி யாராச்சும் தடவிப் பாத்தாங்களா? அந்தப் பத்தியில குனிஞ்ச பொம்பளைங்க ஒருத்தரையாச்சும்? இத்தன சேலையைப் பாத்துட்டுக் கடைசியில வர்றவங்க இந்தச் செடிகிட்ட நிப்பாங்க. மேல ஒண்ணும் தெரியாது. இதுல என்ன இருக்குதுன்னு தேடுவாங்க. கையை நீட்டித் தடவுவாங்க. அதுக்குத்தான் உரிக்கல."

காளியண்ணன் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மகள் இவ்வளவு நீளமாக அவரிடம் பேசினது இதுதான் முதல் தடவை. பேச்சு அவருக்குப் பிடித்ததா என்றால், இல்லை. பயம்தான் வந்தது.

"இதையா நாளைக்கு அந்தம்மா முன்னால பேசப் போற?"

"ஆமாங்க."

"உங்காத்தாளுக்கு மருந்தாலதான் வந்துச்சுன்னு எந்த டாக்டர் சொன்னான்?"

"யாரும் சொல்லல. யாரும் பாக்கவும் இல்ல. அதைத்தான் சொல்லப் போறேன்."

"ஊடு போயிரும் கண்ணு."

"நான் ஏற்காட்டுல ரூம்ல இருக்கறேனே. அங்க..."

"அந்த ரூம்ல நீ காலை நீட்டிப் படுத்தா கதவு தெறக்காது. ஒறம்பறையா ஒரு நாள் உன்னைப் பாக்க வந்தப்ப பாத்தேனே."

அவர் சாக்கைப் பிரித்தார். அரிவாளைப் பார்த்ததும் அவள் குறுக்கே வரவில்லை, அழவும் இல்லை. "ஒரே நாளுங்கப்பா" என்றாள். "நாளைக்குப் பொழுதோட நானே எரிச்சர்றேன். ஒரு நாள் மட்டும் நிக்கட்டும்."

வெட்டியிருக்க வேண்டும். வேறு எவன் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வெட்டியிருப்பார். ஆனால் முப்பது வருசமாகப் போரர் பார்த்த திமிர் அவருக்குள் இருந்தது. எங்கே மேடு, எங்கே மெலிவு, எந்த இடத்தில் ஓட்டை விழும் என்று தன் விரலுக்குத் தெரியும் என்று நினைத்தார். யாரையும் நம்பாத மனுசன் தன் கையை நம்பினார்.

"தேன்மெழுகு இருக்குதா? மெழுகுவத்தி இருந்தாலும் ஆகும். தண்டு பூரா சந்து சந்தா அடை. நாளைக்கு வெள்ளென வந்துடறேன். நான் இதுகிட்டயே நிப்பேன். வந்தா புடிச்சுக்குவேன்."

மறுநாள் வெள்ளென வந்து நின்றார். மல்லுவேட்டியும் தோளில் துண்டுமாக, செடிக்குப் பக்கத்தில் சேவகன் மாதிரி. கூட்டம் வந்தது. சேலத்திலிருந்து வந்த ஒரு பெண், "இந்தச் சேலையெல்லாம் விலைக்கா?" என்று கேட்டாள். இன்னொருவர், "பெரியவரே, நீங்களும் கண்காட்சியில ஒரு அயிட்டமா?" என்றார்.

"காவலுங்க."

"எதுக்குக் காவல்? இந்தக் குச்சியை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. அக்கட்டால தள்ளிப் போங்க."

முதல் வண்டு மெழுகைத் துளைத்துக்கொண்டு வந்தபோது அவர் விரல் அங்கேயே இருந்தது. துண்டு முனையில் போட்டு நசுக்கினார். அடுத்ததையும் பிடித்தார். வெயில் சன்னல் வழியாகச் செடிமேல் ஏற ஏற, முதுகில் வேர்வை ஓடியது. ஒரு செடியைப் பார்த்தால் இன்னொன்று முதுகுப் பக்கம் போனது. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் சென்றாயன் உள்ளே வந்து அவரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான். பிடுங்கின செடியெல்லாம் எரிந்ததா என்று பார்க்க வேண்டியவன் அவன்.

"என்ன காளியண்ணா, மாமியா ஊட்டுல பந்தல்கால் புடிச்ச மாதிரி நிக்கற? இதென்ன, போரர்..." என்று ஆரம்பித்தவன் செடியை உற்றுப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "அட பாவி மனுசா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா உட்டுருப்பியா?"

"நம்ம ரெண்டு பேரையும் சேத்துத்தான்யா அனுப்புவாங்க."

அப்போது கமலா அம்மா வந்துவிட்டார். புருசன் செத்த பிறகு எஸ்டேட்டைத் தனியாக நடத்துகிறவர். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு காடு காடாக நடக்கிற பொம்பளை. செடியை அவரிடம் ஏமாற்ற முடியாது.

சேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "வேலம்மா, இது கேலரிதானே? போரர் புழுவோட பாதை? ரொம்ப நல்லா எடுத்திருக்கே. எப்படிப் பண்ணினே?"

வேலம்மாள் சொன்னாள். காப்பித் தோல், ஆணி, உருட்டினது எல்லாம் சொன்னாள். அப்புறம் நேற்று அப்பனிடம் சொன்னதையும் சொன்னாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. செடியைத் தடவிப் பார்க்க ஆள் வைத்தவர்கள் பூசின பொம்பளையைப் பார்க்க ஆள் வைக்கவில்லை என்று சொன்னபோது காளியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமலா அம்மாவின் முகம் இறுகியது. "எங்க எஸ்டேட்டைச் சொல்றியா?"

"எல்லா எஸ்டேட்டையும் சொல்றேனுங்க. நம்ம எஸ்டேட்டும் அதுல ஒண்ணு."

"கையுறை வாங்கிக் குடுத்திருக்கேன் நான்."

"கையுறை போட்டுக்கிட்டுப் பூசுனா பத்தி முடியாதுங்க. முடியலைன்னா அரைச் சம்பளம். அம்மா கழட்டி வெச்சிட்டுத்தான் பூசுச்சு."

கமலா அம்மா வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ, யாருக்கும் தெரியாது. அந்தச் சமயம் பார்த்து, காளியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, ஒரு வண்டு பறந்து போய்ச் சேலைமேல் உட்கார்ந்தது. வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்து, அதன் ஓரமாகவே நடந்தது, அளவெடுக்கிற மாதிரி.

"பாருங்க, பூச்சியே படம் பாக்க வந்திருச்சு!" என்றாள் சேலத்துக்காரி. நாலு பேர் சிரித்தார்கள்.

கமலா அம்மா சிரிக்கவில்லை. வண்டைப் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். காளியண்ணனின் துண்டு முனையைப் பார்த்தார்.

சென்றாயன் முந்திக்கொண்டான். "சன்னல் வழியா வந்திருக்குங்கம்மா. பின்னாடி பூரா காப்பிக் காடுதானுங்க. செடியெல்லாம் மருந்து போட்டு ஊற வெச்சதுன்னு காளியண்ணன் இப்பத்தான் சொன்னாரு. என்ன காளியண்ணா?"

தலையை ஆட்டினால் போதும். வீடு இருக்கும், வேலை இருக்கும், மகள் பேசின பேச்சும் நிற்கும். ஆனால் செடியும் விழா முடிகிற வரைக்கும் அங்கேயே தொங்கும். யாருக்கும் சந்தேகம் வராது. சன்னலுக்கு வெளியே அங்கப்பனின் புதுச் செடிகள் இடுப்பு உயரத்தில் தளதளவென்று நின்றன. காளியண்ணன் அதைப் பார்த்தார். ஒரு வண்டு ஏற்கனவே அந்தப் பக்கம் போயிருக்குமோ என்னவோ.

"இல்லீங்கம்மா" என்றார். "இதுல இருந்துதான் வந்துச்சு. எரிக்கிறதுக்குப் புடுங்குனதை நாந்தான் கொண்டாந்து குடுத்தேன். ரைட்டருக்குத் தெரியாதுங்க."

"நீயா காளியண்ணா?"

"நாந்தானுங்க."

"மாரிசாமியை எதுக்கு அனுப்பினேன்னு தெரியும்தானே?"

"தெரியுங்க."

"எத்தனை வெளியே போச்சு?"

"நாலு புடிச்சேனுங்க. அது போவ எத்தனைன்னு தெரியாது."

கமலா அம்மா பெருமூச்சு விட்டார். கோபத்தைவிட, பாரம் இறங்கின மாதிரிதான் அதில் தெரிந்தது. "முதல்ல இதை எரி" என்றார். பிறகு வேலம்மாள் பக்கம் திரும்பினார். "நீ பேசினதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாமத்தான் நின்னேன். இப்ப நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. இல்லையா?"

வேலம்மாள் ஏணியில் ஏறினாள். கயிறுகளை அவளே அவிழ்த்தாள். காளியண்ணன் கீழே நின்று சாக்கை விரித்து ஏந்திக்கொண்டார்.

மண்டபத்துக்கு முன்னால் மொட்டைத் தரையில் போட்டு எரித்தார்கள். பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பொன்னுவேல் புகையைப் பார்த்து ஓடி வந்தான். விசயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏய்யா, சேர்வராயன் மலை எவ்வளவு பெருசு! இதைக் கொண்டாந்து தொங்கவிட உனக்கு எம்மச்சான் காட்டு ஓரந்தான் கெடச்சுதா? நேத்துப் பஸ்ஸுல கேட்டப்பவே நெனச்சேன். கிழட்டு நரி!"

"நாளைக்கு வந்து அங்கப்பன் காடு பூரா தடவிப் பாத்துத் தர்றேன்."

"உன் கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு சாமி!"

கட்டை வெடித்தது. தீ பிடித்த தண்டுக்குள்ளிருந்து சீறுகிற சத்தம் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வட்டமாக நின்றார்கள். வேலம்மாள் அப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"சன்னல் வழியா வந்துச்சுன்னே உட்டிருக்கலாம். நம்மளே பொழுதோட எரிச்சிருப்பமே."

"அவங்க நம்பிப் போயிருந்தா, நாளைக்கும் ஒரு நாள் நிக்கட்டும்பே."

அவள் தீயை விட்டு விலகிக் கிடந்த ஒரு குச்சியைக் காலால் உள்ளே தள்ளினாள்.

"எம்பேச்சு போச்சுங்கப்பா. ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. வண்டுதான் ஞாபகம் இருக்கும்."

அது நிசம்தான். பேச விட்டதும் அவர், வண்டை விட்டதும் அவர்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் கமலா அம்மா காளியண்ணனைக் கூப்பிட்டார். சொல்ல வேண்டியதை நின்றபடி சொன்னார். நாலு வார்த்தைதான். காளியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார்.

வேலம்மாள் மண்டபத்தில் இருக்க வேண்டியிருந்தது. சேலைகள் இன்னும் தொங்கின, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். மலைக்கு மேலே இன்னும் வெளிச்சம் இருந்தது. பொன்னாயி தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? வந்துருச்சா வண்டு?"

"வந்துச்சு."

"அந்தம்மா பாத்துட்டாளா?"

"பாத்துட்டாங்க."

"ஊடு?"

"இருக்குது."

"வேலை?"

"இல்ல. நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாங்க."

பொன்னாயி யோசித்தாள். அவள் ஏமாறுகிற பொம்பளை இல்லை. "வேலை இல்லாத ஆளுக்கு எவ ஊடு குடுப்பா? என்ன சொன்னா, சொன்னபடி சொல்லுங்க."

காளியண்ணன் துண்டை உதறி மடித்தார். மறுபடி உதறினார்.

"நீ இருக்கற வரைக்கும் இருந்துக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறம் சாவியை ரைட்டர்கிட்டக் குடுத்தரோணும்."

"நான் இருக்கற வரைக்கும்."

"ஆமா."

"அப்ப நான் செத்தா உங்க சட்டிபானை வெளிய."

"ஆமா."

பொன்னாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா போட்டா பாருங்க முடிச்சு! இத்தன நாளா என்னைப் பாக்க நாதியில்ல. இனி எஸ்டேட்டே எம்மூச்சைத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்."

சிரிப்பு இருமலாக மாறியது. காளியண்ணன் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். இருமல் நிற்கவில்லை. அவள் குனிந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். முன்னெல்லாம் இருமல் வந்தால் அவர் வெளியே போய் நிற்பார். இன்றைக்குக் கால் நகரவில்லை.

ஒரு வழியாக அடங்கியது. பொன்னாயி நிமிர்ந்து, டம்ளரை வாங்கி ரெண்டு மடக்குக் குடித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க, இருக்கறேன்" என்றாள். "உக்காருங்க. புள்ள என்ன பேசுனா? ஒரு வார்த்தை உடாமச் சொல்லுங்க."